ஊர்ச் சமையலும் நம் கடமையும்

மக்கட்குரிய கலைகளுள் நாள்தோறும் பயிலப்படுவதும், பயின்றோர் பெயர் நாள்தோறும் மறக்கப்படுவதும் சமையற்கலை ஒன்றேயாம். சிற்பியின் கைத்திறம் மாமல்லபுரத்துப் பாறைகளில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நின்று விளங்குகின்றது. அக்கரையிலேயே அத்துணைக் காலமும் மீனும் புளியும் கூட்டிக் குழம்பு காய்ச்சிய மகளிரின் கைத்திறமோ, உண்ட கலம் கழுவப்பட்ட அளவிலே மறைந்தொழிகின்றது. மறைந்தது மறுநாளும் தோன்றிவந்தமையால், அதனைப் பற்றி ஒருவரும் கவலை கொண்டாரில்லை. இப்பொழுதோ மறுநாள் தோன்றுமா என்பதே ஐயமாகிவிட்டது. ஆகலின், இப்பொருளைக் கற்றோர் கருத்திற் கொள்ளவேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர் சமையல் என ஒன்று உண்டா என வினவின், இல்லை, பல உண்டு என்பதே தக்க விடையாகும். திருநெல்வேலியார் தேங்காய்ப்பாலிற் காய்கறியிட்டுச் சொதி சமைப்பர். நாஞ்சில் நாட்டார் தேங்காயை வறுத்தரைத்துத் தீயல் வைப்பர். கொங்கு நாட்டார் கொள்ளும் கம்பும் கொண்டு நாள் நடத்தினர். செட்டிநாட்டார் கவுனியரிசியும் பணியாரமும் விருந்தினர்க்கு இடுவர். ஆம்பூரார் சீரகச் சம்பாவிற் பிரியாணி ஆக்குவர். கடல் கடந்த யாழ்ப்பாணத்தார் பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மாவில் ஒடியற்கூழ் காய்ச்சுவர். இவையனைத்தும் ஒரே மொழி பேசுவோர் உணவேயாயினும், ஒன்றன் சுவை மற்றொன்றற்கு இல்லை. மண்ணும் நீரும் மழையும் தொழிலும் வேறுபடுதலின் உலையும் வேறுபட்டது.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஒரு நிலத்திற்குரிய கருப்பொருள்களைக் கூறப்புகுந்த தொல்காப்பியர், தெய்வத்தோடும் மரத்தோடும் பறவையோடும் உணவையும் சேர்த்தே எண்ணினார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளையுடைய நூல். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழிப்படுத்துவது. அவ்வழியிற் பாணன் பெறும் உணவுகளைப் புலவர் நிரல்படக் கூறுகின்றார். எயினர் குடியிருப்பில் மேட்டுநிலத்துச் செந்நெற் சோறும் உடும்பின் வறுவலும். முல்லை நிலத்தில் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும். மருதத்தில் வெண்ணெற் சோறும் வீட்டில் வளர்ந்த கோழியும். வலைஞரிடத்துச் சுட்ட மீன். அந்தணர் இல்லத்தில் வெண்ணெயிற் பக்குவஞ் செய்து மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிய மாதுளம் பிஞ்சும் மாவடு ஊறுகாயும். சில அறிஞர் இக்காலத்து மாமல்லபுரத்தோடு இணைத்துப் பேசும் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்திலோ, நெல்மா ஊட்டி வளர்த்த பன்றியின் கொழுத்த இறைச்சி.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இவையெல்லாம் பல நாட்டு உணவல்ல. தொண்டைநாடு என்னும் ஒரே நாட்டில், நடந்து செல்லும் தொலைவிற்குள் கிடைத்தவை. அஃதன்றியும், இவற்றுள் ஒன்றனை உயர்ந்ததென்றும் மற்றொன்றனை இழிந்ததென்றும் புலவர் கூறினாரல்லர். உடும்பு வறுவலும் மாதுளம் பிஞ்சும் ஒரே பாட்டில் ஒத்த மதிப்போடு இடம்பெற்றன. அத்தகைய நடுநிலை நமக்கு இன்று உளதா என்பதை நாமே நம்மை வினவிக்கொள்ளல் வேண்டும்.

நிற்க. அத்தொண்டைநாட்டின் ஒரு பகுதியே இன்றைய செங்கற்பட்டு மாவட்டம். ஒருபால் மதுராந்தகம் முதலிய ஏரிகளின் பாசனத்தில் விளையும் நெல். ஒருபால் மானாவாரிப் புன்செயில் விளைந்த கேழ்வரகும் கம்பும். ஒருபால் கோவளந் தொடங்கிச் சதுரங்கப்பட்டினம் வழியாகத் தெற்கே செல்லும் மீனவர் குப்பங்கள். இடையிடையே கேளம்பாக்கம், செய்யூர்ப் பகுதிகளின் உப்பளங்கள். வாயலூரை அடுத்துப் பாலாறு கடலோடு கலக்குமிடத்து உப்பங்கழிகள். நெல்லும் உப்பும் மீனும் ஒருங்கே கிடைக்கும் இந்நிலத்தின் சமையல் அவற்றைக்கொண்டே வளர்ந்தது.

கடற்கரையில் நெத்திலியும் சங்கராவும் கானாங்கெளுத்தியும் குழம்பாகும். மிகுந்தவை உப்பிட்டு வெயிலில் உலர்ந்து கருவாடாகும். சென்னாக்கூனி எனப்படும் சின்னஞ்சிறு இறாலை உலர்த்திக் கத்தரிக்காயோடும் கீரையோடும் சேர்ப்பர். கோடையில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, கடுகும் சீரகமும் வெந்தயமும் உளுந்தும் மஞ்சளும் கூட்டி, ஆமணக்கெண்ணெய் தடவி உருட்டிப் பல நாள் காயவைத்து வடகம் செய்வர். ஆண்டு முழுதும் குழம்பைத் தாளித்தற்கு அதுவே போதும். தென்பாண்டி நாட்டாரது குழம்பையும் இந்நாட்டாரது குழம்பையும் கண்ணை மூடி உண்ணினும் பிரித்தறியலாமென்றால், அதற்கு இவ்வடகமும் ஒரு காரணமாம். ஆடித் திங்களில் அம்மன் கோயில்களில் வார்க்கும் கேழ்வரகுக் கூழும், அதனோடு வழங்கும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும், புன்செயும் கடலும் ஒரு கலத்திற் கூடும் விழாவன்றோ? அண்டையிலுள்ள காஞ்சிபுரத்திலோ, வரதராசப் பெருமாள் கோயிலில் மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்த மாவை, மந்தாரையிலை பரப்பிய மூங்கிற் குடலையில் ஊற்றி ஆவியில் நெடுநேரம் வேகவைத்து இட்டலி செய்கின்றனர்.

இம்மாவட்டத்து இருளர் காட்டையும் வயலையும் நம்பி வாழ்ந்தவர். காட்டுக்கிழங்கும் தேனும், வயல்வரப்பில் நெல்லைக் கவரும் எலியும், மழைக்குப்பின் புற்றினின்று எழும் ஈசலும் அவர்க்கு உணவாயின. பாம்பு பிடிக்கும் அவரது அறிவை உலகம் மதித்தது. 1978 இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்க்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023 இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர்க்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. ஆயினும் அவரது உணவை நகைப்புக்குரியதாகக் கருதும் வழக்கம் கற்றோரிடத்தும் ஒழிந்தபாடில்லை. கையின் அறிவை மதித்துக் கலத்தின் அறிவை இகழ்தல் எவ்வாறு பொருந்தும்?

இனி, இச்சமையல்கள் மறைதற்குக் காரணம் யாவை என ஆராய்வோம். முதலாவது, அரிசியின் ஆட்சி. பாசனமும் பின்னர் நியாயவிலைக் கடைகளும் அரிசியை எளியோர் வீட்டுக்கும் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி அட்டை உடையோர்க்கு அது விலையின்றியே வழங்கப்படுகின்றது. இதனால் பட்டினி நீங்கிய நன்மை பெரிது. அதனைக் குறைகூறுவார் பசியறியாதவரே. ஆயினும் அதனோடு வரகும் சாமையும் குதிரைவாலியும் உலையினின்று நீங்கின. அவற்றைச் சமைக்கும் முறையும் நீங்கியது. ஐக்கிய நாடுகள் அவை 2023 ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டெனக் கொண்டாடியபொழுது, பலர் அவற்றை உறையிட்ட புதுமைப் பண்டமாகக் கடையில் வாங்கினர். தம் பாட்டியர் வீட்டில் அவை குதிரில் நிறைந்திருந்ததை நினைத்தவர் சிலரே.

இரண்டாவது, உணவுச்சாலைகளின் ஒருமை. வழிநெடுகப் பலகைகளிற் செட்டிநாடு என்றும் கொங்கு என்றும் மதுரை என்றும் பெயர் வேறுபடக் காண்கிறோம். உள்ளே சென்றால் ஒரே பொடி, ஒரே எண்ணெய், ஒரே சிவப்பு நிறம். ஊரின் பெயர் நிற்கின்றது, ஊர் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு வரும் பயணி, சிற்பத்தைக் கண்டபின் இவ்வூர்க் கரையின் வடகமிட்ட மீன்குழம்பை உண்ண விரும்பினால், அவனுக்கு அஃது எளிதிற் கிட்டுவதின்று.

மூன்றாவது, இடம்பெயர்தல். கல்பாக்கத்து அணுசக்தித் துறையினர்க்காக எழுந்த அணுபுரத்தைக் காண்க. நாட்டின் பல பகுதியினின்றும் வந்தோர் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். ஒரு தெருவில் நடந்தால் கடுகெண்ணெய், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் ஆகிய மூன்றின் மணமும் ஒருவனுக்குக் கிட்டும். இஃது ஒரு பெரும் பேறு. ஆயினும், தாய் தந்தையர் இருவரும் பணிக்குச் செல்லும் வீடுகளில், பிறந்த ஊரின் சமையல் ஒரு தலைமுறைக்குள் விழாநாட் சமையலாகச் சுருங்கி, அடுத்த தலைமுறையிற் பெயரளவில் நிற்கும் என்பதை உய்த்துணரலாம்.

பிற நாட்டார் அனுபவம் நமக்கு அறிவுறுத்துவது யாது எனப் பார்ப்போம். கனடா நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கும் ஒரே சமையல் இல்லை. கிழக்கே நியூபவுண்டுலாந்துத் தீவினர் காட் என்னும் மீனை உப்பிட்டு உலர்த்தி உண்டனர். கியூபெக்கில் வாழும் பிரெஞ்சு மொழியினர் கிறிஸ்துமஸ் காலத்தில் இறைச்சியை மாவில் மூடிச் சுட்டு விருந்து செய்வர்; இரவு உறைந்து பகல் உருகும் இளவேனில் தொடக்கத்தில் மேப்பிள் மரத்து இனிய நீரைச் சேர்த்துப் பாகு காய்ச்சுவர். நடுச் சமவெளியின் பழங்குடியினர் உலர்ந்த காட்டெருமை இறைச்சியைக் கொழுப்போடும் காட்டுப் பழங்களோடும் இடித்துப் பெம்மிக்கன் என்னும் கட்டுணவு செய்தனர். மேற்குக் கரையினர் சால்மன் மீனைப் புகையிலிட்டுக் காத்தனர். நமக்கு வெயில் தந்த கருவாட்டை, அவர்க்கு உப்பும் புகையும் குளிர்காற்றும் தந்தன.

அந்நாட்டில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகள் நம் கருத்துக்குரியன. 1992 இல் காட் மீன் அருகியமையால் நியூபவுண்டுலாந்துக் கடலில் அதனைப் பிடித்தல் தடைசெய்யப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் தொழிலிழந்தனர். அத்தடை முப்பதாண்டுக்கு மேல் நீடித்து 2024 இலேதான் விலக்கப்பட்டது. கடல் வறண்டால் கலமும் வறளும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதின்று. நம் குப்பங்களின் கடலும் கழியும் கெடாதிருந்தாலன்றி அவற்றின் சமையலைக் காத்தல் இயலாது.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் துயரமானது. நம்போன்ற கல்விநிலையத்தார் தலைகுனிந்து கேட்கவேண்டியது. அந்நாட்டுப் பழங்குடி மக்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அரசின் பொருளுதவியோடு கிறிஸ்தவ சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் வைத்தனர். அங்கே அவர்தம் மொழி விலக்கப்பட்டது. தாய்வீட்டு உணவும் இல்லாதொழிந்தது. மேற்குக் கரையினரின் விருந்துச் சடங்காகிய பொட்லாச்சும் 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. 2008 இல் அந்நாட்டுத் தலைமை அமைச்சர் பாராளுமன்றத்தில் அப்பள்ளிகளின் பொருட்டு மன்னிப்பு வேண்டினார். நல்லெண்ணம் கொண்டதாகத் தன்னைக் கருதிக்கொள்ளும் ஒரு பள்ளி, ஒரு மக்களின் அடுக்களையை அணைத்துவிட வல்லது என்பதை இதனால் அறிகிறோம். அணைக்க வல்லது காக்கவும் வல்லதன்றோ?

மூன்றாவது, மகிழத்தக்கது. 1877 இல் டொரண்டோ நகரத்து மகளிர் தத்தம் வீட்டுச் சமையற் குறிப்புகளைத் திரட்டி ஒரு நூலாக வெளியிட்டனர். அதன் ஊதியம் நோயுற்ற குழந்தைகளின் மருத்துவமனைக்குச் சென்றது. ஒரு புலவரோ ஓர் அரசரோ அந்நூலைச் செய்யவில்லை. வீட்டுப் பெண்டிர் பலர் கூடிச் செய்தனர்.

நம் நாட்டிலும் 1951 இல் எஸ். மீனாட்சி அம்மாள் அவர்கள் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டு, அளவும் முறையும் தந்து பல்லாயிரம் இளங்குடும்பங்கட்கு உதவினார். ஆயினும் அஃது ஒரு சமூகத்தார் வீட்டு மரக்கறிச் சமையலை உரைப்பது. வலைஞர் வீட்டுக் குழம்பும், இருளர் கிழங்கும், உழவுத் தொழிலாளர் காய்ச்சிய களியும் கூழும் அவ்வாறு எழுத்தேறும் பேறு பெற்றில. எழுதத் தெரிந்தோர் வீட்டுச் சமையல் நூலாயிற்று; எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் வீட்டுச் சமையல் நினைவில் மட்டும் நின்றது. நினைவுக்கு முதுமை உண்டு, மரணமும் உண்டு. இன்று அவ்வில்லங்களினின்றும் மாணவர் பலர் நம் கல்லூரிக்கு வருகின்றனர். எழுத்து அவர் கைக்கு வந்துவிட்டது. சமையலறிந்த பாட்டியரும் சிலர் இன்னும் உளர். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்திருக்கும் காலம் நீண்டதன்று.

இதற்கு மூன்று தடைகள் கூறப்படலாம். கற்றோர் சோற்றைப் பற்றி எழுதுதல் சிறுமையன்றோ என்பர் சிலர். பழஞ்சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் நடந்தமையாலன்றோ பத்துப்பாட்டு 1889 இல் அச்சேறிற்று? சுவடியைத் தின்ற செல்லினும் விரைவாக மறதி சமையலைத் தின்கின்றது. தேடுதலில் ஒன்றற்குப் பெருமையும் மற்றொன்றற்குச் சிறுமையும் கற்பித்தல் தகாது.

பழமையெல்லாம் நன்மையா என்பர் வேறு சிலர். அன்று. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி உண்போர்க்குப் பெரிபெரி நோய் வருதல் கண்டு, 1918 இல் குன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சியை வளர்த்தவர் மக்காரிசன் என்னும் மருத்துவர். பிறிதொன்றும் கூறுவோம். இன்று நாம் பழமையெனக் கருதும் மிளகாயும், தக்காளியும், உருளைக்கிழங்கும், நிலக்கடலையும் அமெரிக்காவினின்று போர்த்துகேசியர் முதலிய ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே நம்மை வந்தடைந்தவை. மிளகைப் போற் காரமுள்ள காய் என்று நாம் இட்ட பெயரே மிளகாய். ஆதலின் மாறுதலை நாம் வெறுக்கவில்லை. அறிந்து மாறுதல் வேறு. மறந்து இழத்தல் வேறு. எழுதி வைத்தோமாயின், நல்லதைக் கொள்ளவும் தீயதைத் தள்ளவும் பின்வருவோர்க்கு வழியுண்டு. எழுதாதொழியின் இரண்டிற்கும் வழியில்லை.

மூன்றாவது தடையே வலியது. பழைய சமையலைப் போற்றுவோர், பெண்டிரை மீண்டும் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கட்டிவைக்க விரும்புகின்றனர் என்பர். இக்குற்றச்சாட்டில் உண்மையுண்டு. பாட்டியின் கைச்சுவையைப் பாடும் ஆடவர் பலர், அக்கையின் வலியை எண்ணியதில்லை. நாம் காக்க விரும்புவது சேர்க்கையையும் அளவையும் பருவத்தையுமேயன்றி, ஒருத்தி புகையிற் கண்கலங்கியதையன்று. மாவை எந்திரம் அரைக்கட்டும். குழம்பை மகனும் வைக்கட்டும். நம் கல்லூரி இளைஞர் ஒவ்வொருவரும் தம் ஊர்க்குரிய உணவு மூன்றேனும் தாமே சமைக்கக் கற்றாலன்றி, ஊர்ச்சமையலைப் புகழும் உரிமை அவர்க்கு இல்லையென்பது எம் துணிபு.

அரசினர் புவிசார் குறியீடு வழங்கி, 2019 இல் பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் 2020 இல் கோவிற்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் காப்பளித்தனர். இது நன்றே. ஆயினும் அக்காப்பு விற்பனைப் பண்டத்தின் பெயர்க்கே உரியது. விற்கப்படாத வீட்டுக் குழம்புக்கு அரசின் முத்திரை வாராது. வீட்டாரே அதற்குக் காவலர்.

ஆதலின் நம் கல்லூரியார்க்கு ஒரு சொல் விண்ணப்பிக்கின்றோம். வரும் கோடை விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடமிருந்து ஓர் உணவின் செய்முறையை எழுதிவருக. பொருளும் அளவும் மட்டும் போதா. எம்மாதத்திற் செய்வர், எக்கலத்திற் செய்வர், எவ்வூர்ச் சொல்லால் அதனை அழைப்பர், எதனோடு உண்பர், யாரிடமிருந்து கற்றனர் என்பனவும் வேண்டும். ஒரு பிடி, ஒரு சிட்டிகை என்று அவர் கூறுவனவற்றை அளந்து எடையாகவும் குறிக்கவேண்டும். இது வேதியியல் மாணவர்க்கு எளிது. ஊர்ப்பெயரோடு மீன், கீரை, கிழங்குகளுக்கு அறிவியற் பெயரும் சேர்த்தல் விலங்கியல், தாவரவியல் மாணவர் பணியாகுக. சொன்னவர் இசைந்தால் அவர் பெயரும் இடம்பெறுக. இவற்றை நூலகத்தார் தொகுத்து ஆண்டுக்கொரு சுவடியாகக் கட்டுக. விடுதியார் வாரத்தில் ஒரு வேளையேனும் ஒரு வட்டாரத்து உணவைச் சமைப்பித்து இடுக. அவ்வேளையில் மீனவர் மகனும் உழவர் மகனும் அந்தணர் மகனும் இருளர் மகனும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒருவர் வீட்டு உணவை மற்றவர் மூக்கைச் சுளிக்காமல் மதித்தல் வேண்டும். உண்ணல் அவரவர் விருப்பம். இகழாமை அனைவர்க்கும் கடமை. அணுபுரத்திலும் பிறவிடங்களிலும் வாழும் பழைய மாணவர், பல மாநிலத்தார் அண்டையில் வாழும் தம் பேற்றைப் பயன்படுத்தி, அவ்வீடுகளின் சமையலையும் எழுதி அனுப்புவாராயின் தொகுப்பு மேலும் சிறக்கும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதின்று. ஒரு குறிப்பேடும், ஒரு தராசும், முதியோர்முன் பொறுமையாய் அமரும் ஒரு மாலைப்பொழுதும் போதும். நூல்நிலையத்தில் எத்துணையோ நூல்கள் நமக்காக நூறாண்டும் காத்திருக்கும். அடுக்களையில் இருக்கும் முதியவளோ அவ்வாறு காத்திருக்க வல்லவளல்லள். அவள் அறிந்ததை அவளிருக்கும்பொழுதே கேட்டறிவோமாக.